வளைவு போன இடங்கள்

“எங்க கலப்ப நிமிந்துடுச்சுக்கா, ஆனா எங்க மாமியாரோட ஊன்றுகம்புல்ல வளைஞ்சுபோச்சு” என்று டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவள் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, “மாத்துக்கு யாராச்சும் ஊன்றுகம்ப கொண்டுபோவாங்களா? ஒரு இரும்புப் பட்டைய கொண்டுபோயிருந்தா அருவாளாச்சும் கெடைச்சிருக்கும்” என்றாள். “இப்பத்தான் ஜன்னல் கம்பியில மாட்டிவைக்க வசதியா இருக்குன்னு சொல்லுது அந்தக் கெழவி” என்றாள் முதலாமவள், மாமியாருக்கு வசதியாகிப்போன வருத்தத்தோடு.

மூன்று வருடம் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டுக் கல்லோடைக்குத் திரும்பிக்கொண்டிருந்த எனக்கு, ஊரே பழகி முடித்துவிட்ட ஏதோ ஒன்றை நான் மட்டும் புதிதாகக் கேட்கிறேன் என்று புரிந்தது. யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது. நல்லவேளையாக இருதயராஜ் அண்ணனின் பட்டறைக்கு நேர் எதிரே இருந்த நகல் கடையில் எனக்கு வேலை கிடைத்ததால், கேட்காமலே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் நிலத்துக்கு மேலே கரிசல், கீழே கல். அந்தக் கல் ஒரே இடத்தில் இருக்கும் கல் அல்ல. போன வருடம் இல்லாத இடத்தில் இந்த வருடம் முளைத்து நிற்கும், டிராக்டரின் பின்னால் இறங்கி வருகிற கலப்பைக்காகவே காத்திருந்ததைப்போல நிற்கும். அதில் மோதி மடங்கிய கொத்துக் கலப்பைகளும், பல் முறுக்கிக்கொண்ட ரோட்டவேட்டர்களும், விளிம்பு சுருண்ட சட்டிக் கலப்பைகளும், கொண்டிக் கம்பி கோணிய டிப்பர்களும் சித்திரை மாதக் கோடை உழவில் இருதயராஜ் பட்டறை வாசலில் வந்து குவியும். அவர் ஒவ்வொன்றையும் நெருப்புக் காட்டிச் சிவக்கவைத்து, சங்கிலியால் கட்டி, ஜாக்கி கொடுத்துத் தள்ளி, சம்மட்டியால் தட்டி, கடைசியில் ஒரு வெள்ளை நூலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நூலும் இரும்பும் இடைவெளி இல்லாமல் ஒட்டும்வரை விடமாட்டார். சூடு ஆறத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் பீடி பற்றவைப்பார்.

அப்படி இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரையில், ஒரு இலைகூட அசையாத பகல் பதினோரு மணிக்கு, யாரோ ஒருவரின் ஐந்து கொத்துக் கலப்பையில் நூல் ஒட்டிய அதே நொடியில், எதிரே இருந்த மின்கம்பம் மெதுவாகக் குனிந்து, கீழே எதையோ தொலைத்துவிட்டதைப்போலத் தரையைப் பார்த்தது. கலப்பையில் இருந்த வளைவு அப்படியே, அதே அளவில், அதே கோணத்தில், கம்பத்தில் இருந்தது. டீ எடுத்துக்கொண்டு வந்த ஸ்டெல்லா அக்கா, இருதயராஜ் அண்ணனின் மனைவி, அண்ணாந்து பார்த்துவிட்டு, “இனிமே வெளிச்சம் நல்லா கீழ விழும்” என்றார். மின்வாரியத்திலிருந்து வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பதிவேட்டில் ‘காற்று’ என்று எழுதி, டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த கலப்பையின் வளைவு பேருந்து நிறுத்தத்தின் தூணுக்குப் போனது. அதற்கடுத்தது சர்ச்சுக்குப் போகும் வழியிலிருந்த தென்னைமரத்துக்குப் போனது. அதில் இனி ஏறாமல் நின்றபடியே காய் பறிக்கலாம் என்பதால் மரத்துக்காரர் வழக்குக்கு வரவில்லை. நான்காவது, ஸ்டெல்லா அக்காவின் தோசைத் திருப்பிக்குப் போனது. தெரு முழுவதும் கேட்கும்படி அன்றைக்குத்தான் சண்டை வந்தது.

“ஊரு வளைவ எல்லாம் எஞ் சமயக்கட்டுக்கு அனுப்புவியா நீ?”

“நான் எங்க அனுப்புனேன்? அதுவாப் போவுது.”

“அதுவாப் போனா நீ வழி சொல்லு. மாடு மாதிரிதான அதுவும். கட்டறதுக்கு ஒரு முளை இருந்தா அங்க நிக்கும்.”

ஸ்டெல்லா அக்கா சொன்னது சரியாக இருந்தது. நிமிர்த்தும்போது வேறொரு நேரான பொருளின் நுனியைப் பட்டறைக்கல்லில் படும்படி வைத்தால், வளைவு வேறெங்கும் அலையாமல் ஒழுங்காக அதில் போய் ஏறிக்கொண்டது. அன்று முதல் கலப்பை கொண்டுவருகிறவர் கையோடு ஒரு மாத்துப் பொருளும் கொண்டுவர வேண்டும் என்று ஆயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தட்டச்சு செய்தது அந்த அறிவிப்பைத்தான்: ‘மாத்து இல்லாமல் நிமிர்த்தப்படாது. பிளாஸ்டிக் ஏற்கப்படாது. அடுத்தவர் பொருளைக் கொண்டுவர வேண்டாம்.’ மூன்றாவது வரியைச் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம், பேருந்து நிறுத்தத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள். ஒரு கட்சிக்காரர்கள் மற்றவர்களின் கம்பத்தை இரவல் கம்பி வைத்துப் பட்டறைக்கல்லோடு இணைத்து வளைவை விட்டார்கள், மறுநாள் அவர்கள் இவர்களுக்கு விட்டார்கள். இப்போது இரண்டு கொடிகளும் உச்சியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, சம்பந்தம் பேசுகிறவர்களைப்போல நிற்கின்றன. அதற்குக் கீழே காய்கறிக்காரர் தார்ப்பாய் கட்டிக்கொண்டார்.

பழகப் பழக ஊருக்கு வளைவின் அருமை தெரிந்தது. இரும்புப் பட்டை வைத்தால் அரிவாள் ஆகிறது, கம்பி வைத்தால் தொட்டில் கொக்கி ஆகிறது, சட்டிக் கலப்பையின் வளைவு இழுவையாகவும் பெருந்தன்மையாகவும் இருப்பதால் குடை பிடிக்கு ஏற்றது, ரோட்டவேட்டர் பல்லின் வளைவு குறும்பானது, அதை நம்பி நல்ல பொருளைக் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் தன் காளையைப் பட்டறைக்கு ஓட்டிவந்து, நேராக நீட்டிக்கொண்டிருந்த அதன் இடது கொம்பின் நுனியைக் கல்லில் வைத்துப் பிடித்து, வலது கொம்புக்கு ஜோடியாக வளைவு ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் காளை மாட்டுப்பொங்கலன்று யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவு வெட்கம் அதற்கு. சுருட்டைமுடி வேண்டும் என்று ஆசைப்பட்ட பாலிடெக்னிக் பையன் ஒருவன் தலையையே கல்லில் சாய்த்தான். வந்தது ரோட்டவேட்டர் வளைவு. அவன் முடி இன்றுவரை இடது பக்கமாக மட்டும் சுருண்டு, மழைக்காலத்தில் நேராகி, வெயிலில் மறுபடி சுருள்கிறது.

இதனால் ஊரில் நேரான பொருள்கள் குறைந்துகொண்டே வந்தன. விருந்தாளிகள் வந்தால் குடையை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அளவுகோல் வளைந்துபோனதால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நோட்டில் போடுகிற ஓரக்கோடு அலை அலையாக இருந்தது, வாத்தியாரும் அதையே சரி என்று திருத்தினார். கடைசியில், நேரானது என்று கைகாட்டிச் சொல்ல ஊரில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது அங்கமுத்துவின் வரப்பு.

அங்கமுத்துவின் கலப்பை ஒருமுறைகூட பட்டறைக்கு வந்ததில்லை. உழுவதற்கு முதல்நாள் நிலம் முழுவதும் கடப்பாரையோடு நடந்து, இரண்டடிக்கு ஒருமுறை குத்திப் பார்த்துக் கல்லைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் டிராக்டரை இறக்குவார். அவருடைய நிலத்துக்குக் கிழக்கே, ஒட்டினாற்போல, பவளக்கொடி அக்காவின் நாலு ஏக்கர். பவளக்கொடி அவருடைய சித்தப்பா மகனைக் கட்டியவர். புருஷன் குவைத்தில் லாரி ஓட்டுகிறார், இவர் இங்கே டிராக்டர் ஓட்டுகிறார். ஆறு வருடத்துக்கு முன்னால் அங்கமுத்து சர்வேயரைக் கூட்டிவந்து, கயிறு பிடித்து, இருநூற்று நாற்பது அடி வரப்பை நூல் பிடித்ததுபோல் போட்டுவிட்டு, “இனிமே ஒரு வெரக்கடை இந்தாண்ட அந்தாண்ட போகக் கூடாது” என்றார். “அப்ப சாயங்காலம் ஒங்க நெழலு எங் காட்டுல விழுதே, அத மொதல்ல எடுத்துக்கங்க” என்றார் பவளக்கொடி. அன்றோடு பேச்சு நின்றது. அங்கமுத்து மறுநாள் முதல் மத்தியானத்துக்குமேல் வயலுக்கு வருவதில்லை.

இந்தப் புரட்டாசியில் மூன்று நாள் மழை பெய்தது. கரிசலில் மழை நின்றபின் மக்காச்சோளம் விதைக்க மூன்று நாள்தான் கிடைக்கும். முதல் நாள் சேறு, ஐந்தாம் நாள் கட்டி. பவளக்கொடி அக்கா விதைக்கு மருந்து கலந்து நிழலில் உலர்த்திவிட்டு, இரண்டாம் நாள் காலையில் தன் சிவப்பு டிராக்டரில் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டாவது சாலில், போன வருடம் இல்லாத கல் ஒன்று காத்திருந்தது.

பட்டறை வாசலில் நாலு பேர் சேர்ந்து இறக்கிவைத்த கலப்பையை இருதயராஜ் அண்ணன் இரண்டு முறை சுற்றிவந்தார். கொத்துகள் மடங்கியது பெரிதில்லை. ஒன்பதையும் தாங்குகிற சட்டமே, இரண்டு கையாலும் யாரையோ கட்டிப்பிடிக்க வந்ததைப்போல வளைந்திருந்தது.

“அக்கா, இது வளைவு இல்ல. இது ஒரு ஊரு. எங்க கொண்டுபோயி குடிவைப்ப?”

“கடப்பாரை கொண்டாந்துருக்கேன்ல.”

“பத்தாது.”

“நீ வச்சுப் பாரு இருதயம். ஈரம் காயுது.”

வைத்துப் பார்த்தார். சட்டம் பாதி நிமிர்வதற்குள் கடப்பாரை முறுக்காகச் சுருண்டு, இனி இடமில்லை என்று ஆனதும், ஏறிய வளைவெல்லாம் ஒரு நடுக்கத்தோடு மறுபடி சட்டத்துக்கே இறங்கிவிட்டது. வளைவைப் பங்குபோட்டுக் கொடுக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே பொருள் வேண்டும், நீளமாக, முழுதாக.

பவளக்கொடி அக்கா முறுக்காகிப்போன கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்தார். போன வருடம் பயிரைப் படைப்புழு தின்றது. இந்தப் பட்டமும் போனால் டிராக்டரை விற்றுவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடு என்று புருஷன் போனில் சொல்லியிருந்தார். அந்த டிராக்டரை வாங்கிய புதிதில், பொம்பளை ஓட்டுகிறாள் என்று வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்களை எல்லாம் ஒதுங்கச்சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே மூன்று முறை ஊரைச் சுற்றியவர் அவர். வாடகைக்குக் கேட்ட ஆறு டிராக்டர்காரர்களும் தங்கள் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு வருகிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஐந்தாம் நாள்.

மறுநாள் முழுவதும் ஊர் தன் சொந்த வேலைகளுக்கு நடுவே பட்டறைக்கு வந்து வந்து யோசனை சொன்னது. செல்போன் டவரில் விடலாம் என்றார் ஒருவர். வளைந்தால் சிக்னல் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று அடக்கினார்கள். நாலுவழிச் சாலையில் விடலாம், வளைந்து ஊருக்குள் வரட்டும் என்றார் டீக்கடைக்காரர், லாரிகள் எல்லாம் தன் கடை வாசலில் நிற்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டவர்போல. டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “எங்க பஸ்ஸ மட்டும் பாக்காதீங்கய்யா, ஏற்கெனவே அது சைடு வாங்கித்தான் போவுது” என்று கத்திவிட்டுப் போனார். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் டீக்கடை பெஞ்சின் ஓரத்தில், கண்ணாடி டம்ளரை நேராகப் பிடித்துக்கொண்டு, அங்கமுத்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஸ்டெல்லா அக்காதான் சொன்னார். “ஏன், இருநூத்தி நாப்பது அடிக்கு வரப்பு ஒண்ணு இருக்குல்ல?”

பவளக்கொடி அக்கா எழுந்து, பத்தடி தூரத்தில் இருந்த அங்கமுத்துவைப் பார்க்காமல், ஸ்டெல்லா அக்காவைப் பார்த்துச் சொன்னார். “வளைவு எம் பக்கமே வயிறு தள்ளிக்கட்டும். எங் காடு எவ்வளவு போனாலும் பரவால்லன்னு அவருகிட்ட சொல்லு ஸ்டெல்லா.”

“கேட்டுச்சா மாமா?” என்றார் ஸ்டெல்லா அக்கா.

“எனக்கென்ன காது செவுடா” என்றார் அங்கமுத்து, டம்ளரிடம். “நேரா இருக்குறத நேரா விடச் சொல்லு. சர்க்காரு ஆளு வந்து கயிறு புடிச்சுப் போட்டது. நாளைக்கு எம் பேரன் வந்து, தாத்தா ஏன் இங்க வளைஞ்சுதுன்னு கேட்டா, கலப்பைக்காகன்னு சொல்லவா?”

“மூத்தாருக்குப் பேரனே இன்னும் பொறக்கலன்னு சொல்லு.”

“பொறப்பான்னு சொல்லு.”

“பொறக்கட்டும். ஆனா எஞ் சோளம் இந்த வாரம் பொறந்தாத்தான் உண்டுன்னு சொல்லு.”

ஸ்டெல்லா அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “நான் என்ன மைக் செட்டா?” என்றார். பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. அங்கமுத்து சிரிக்கவில்லை, டம்ளரை வைத்த இடத்திலிருந்து ஒரு விரல் நகர்த்தி, பெஞ்சின் விளிம்புக்கு நேராக வைத்துவிட்டு எழுந்து போனார். எழுந்து போகும்போது பட்டறை வாசலில் கிடந்த சட்டத்தை ஒருமுறை நின்று பார்த்தார். “கடப்பாரை வச்சுக் குத்திப் பாத்துட்டு எறக்கியிருக்கணும்” என்றார், யாரிடமும் இல்லாமல். அது பவளக்கொடி அக்காவுக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது. ஏனென்றால் அது உண்மை.

நான்காம் நாள் காலையிலேயே வெயில் ஏறியது. கரிசல் மேலே வெளுக்க ஆரம்பித்தது. பட்டறையில் இருதயராஜ் அண்ணன் ஒன்பது கொத்துகளையும் ஒன்பது பட்டைகளில் மாற்றி நிமிர்த்தி, ஒன்பது புத்தம்புது அரிவாள்களை வரிசையாகச் சாய்த்துவைத்துவிட்டு, சட்டத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பதினைந்து பேர் நின்று, ஆற்றை வளைக்கலாமா, அது ஏற்கெனவே வளைந்ததுதானே, வளைந்ததில் வளைவு ஏறுமா என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, பவளக்கொடி அக்கா விதைப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியோடு பட்டறையைக் கடந்து போனார்.

“எங்கக்கா போற?”

“வெதைக்க.”

“மம்பட்டிய வச்சா?”

“வாயால வெதைக்க முடிஞ்சா ஒங்களயெல்லாம் கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

இதற்குமேல் பட்டறையில் நிற்க ஒருவராலும் முடியவில்லை. நகல் கடையைச் சாத்திவிட்டு நானும் பின்னால் போனேன். வண்டிப்பாதையில் நாங்கள் வரிசையாக நின்றபோது, பவளக்கொடி அக்கா நாலு ஏக்கரின் ஒரு மூலையில் குனிந்து, ஒரு கொத்துக் கொத்தி, இரண்டு விதை போட்டு, காலால் மூடி, அடுத்த அடி எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். “இந்தக் கணக்குக்கு இந்தாண்ட முடிக்கறதுக்குள்ள அந்தாண்ட அறுப்பு வந்துரும்” என்றார் டீக்கடைக்காரர். சொன்ன பிறகு தனக்கே நன்றாக இல்லாததுபோல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஸ்டெல்லா அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, பவளக்கொடி அக்காவின் மடியிலிருந்து ஒரு கை விதையை அள்ளிக்கொண்டார். ஒருவர் கொத்த, ஒருவர் போட, இருவருமாக ஒரு சால் நீளம் போவதற்குள் இருவரின் முதுகும் நனைந்துவிட்டது.

வரப்புக்கு மேற்கே அங்கமுத்து விடிந்ததிலிருந்து தன் நிலத்தை உழுதுகொண்டிருந்தார். மேற்கிலிருந்து கிழக்கே வருவார், வரப்புக்கு ஆறடி இருக்கும்போது லீவரைத் தூக்குவார், மண்ணுக்குள்ளிருந்து ஒன்பது கொத்துகளும் பளபளவென்று வெளியே வரும், வண்டியைத் திருப்புவார், கலப்பையை இறக்குவார், மேற்கே போவார். ஒவ்வொரு சாலும் முந்தைய சாலுக்குப் பக்கத்தில், தலை சீவியதுபோல. நாங்கள் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரியும். கிழக்கே திரும்பி வரும்போது மட்டும் அவர் கண் வரப்பின்மேல் இருந்தது, வரப்புக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த இரண்டு முதுகுகளின்மேல் இல்லை.

“இன்னும் நாலு சால்ல அவருக்கு முடிஞ்சுரும்” என்றார் இருதயராஜ் அண்ணன், என் பக்கத்தில் நின்று.

மூன்று சால் ஆயிற்று. தூக்கினார், திருப்பினார், இறக்கினார். நான்காவது சாலுக்குக் கிழக்கே வந்துகொண்டிருந்தபோது பவளக்கொடி அக்கா நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் கொத்திய குழிகள் அவருக்குப் பின்னால் கோணல்மாணலாக, கோழி நடந்த தடம்போலக் கிடந்தன. அங்கமுத்து ஆறடி தூரத்துக்கு வந்தார். கை லீவருக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் இருந்தது. பிறகு அந்தக் கையை எடுத்து ஸ்டியரிங்கில் இன்னொரு கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கலப்பை மண்ணுக்குள் இறங்கியிருந்தபடியே, வரப்பை உழுதுகொண்டு பவளக்கொடியின் நிலத்துக்குள் வந்தார்.